யாருக்காக அச்சடித்த அகராதி?

கல்பாக்கத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கவும் மொழிபெயர்க்கவும் அப்படி என்ன வேலை இருந்துவிடப் போகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. நிறையவே இருக்கிறது. அணுசக்தி நகரியத்தில் வளர்ந்த பிள்ளைகள் பொறியியல் முடித்துவிட்டு ஆஹன், மியூனிக், கார்ல்ஸ்ரூஹே என்று மேற்படிப்புக்குக் கிளம்புகிறார்கள். புதுப்பட்டினம், திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து செவிலியர் படிப்பு முடித்த பெண்கள் ஜெர்மன் மருத்துவமனை வேலையை மனதில் வைத்து மொழி படிக்க வருகிறார்கள். மழைக்காலம் ஓய்ந்ததும் மாமல்லபுரத்துக்கு ஜெர்மானியப் பயணிகள் வருவார்கள். அவர்களோடு பேச வழிகாட்டிகளுக்கும் சிற்பக்கூடக்காரர்களுக்கும் நாலு வார்த்தை தேவைப்படும். செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் தயாராகின்றன. மாவட்டம் முழுக்கப் பட்டறைகள் இருக்கின்றன. ஜெர்மன் இயந்திரம் வாங்கினால் ஜெர்மன் கையேடும் கூடவே வரும்.

இத்தனை பேருக்கும் நான் வேலை செய்கிறேன். இவர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "மிஸ், எந்த டிக்ஷனரி வாங்கலாம்? கையிலேயே வச்சுக்கிற மாதிரி, சின்னதா."

சின்ன அகராதி வாங்குவதுதான் கஷ்டம். பெரிய அகராதியில் எதை வாங்கினாலும் தேடிய சொல் எங்கேயாவது கிடைத்துவிடும். கையடக்க அகராதியில் இடம் குறைவு. பதிப்பாசிரியர் ஒவ்வொரு பக்கத்திலும் எதையோ வெட்டித்தான் ஆக வேண்டும். எதை வெட்டினார், எதை விட்டுவைத்தார் என்பதில்தான் நமக்கு அது பயன்படுமா இல்லையா என்பது அடங்கியிருக்கிறது. அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'இத்தனை ஆயிரம் சொற்கள்' என்ற கணக்கை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கணக்கில் இரண்டு பாதியின் தலைச்சொற்களும் சேரும், சொற்றொடர்களும் சேரும், சில சமயம் பொருள்களும் தனித்தனியாகச் சேரும்.

ஆகவே கடையில் அகராதியைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். இந்தப் புத்தகம் யாருக்காக அச்சடிக்கப்பட்டது? ஜெர்மன் படிக்கும் ஆங்கிலேயனுக்கா, ஆங்கிலம் படிக்கும் ஜெர்மானியனுக்கா? வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். இரண்டிலும் முன்பாதி ஜெர்மன்–ஆங்கிலம், பின்பாதி ஆங்கிலம்–ஜெர்மன். அல்லது அதற்கு நேர் மாறு. உள்ளே போனால் இரண்டும் இரண்டு உலகம்.

வகுப்பில் இதை மேசைமேல் வைத்தே காட்டுவேன். இரண்டு வகையிலும் ஒவ்வொரு சின்ன அகராதியை எடுத்து இரண்டிலும் 'லைட்டர்' என்ற சொல் இருக்கும் பக்கத்தைத் திறந்து வைப்பேன். 'டீ லைட்டர்' என்று பெண்பாலில் வந்தால் ஏணி. 'டெர் லைட்டர்' என்று ஆண்பாலில் வந்தால் தலைமைப் பொறுப்பில் இருப்பவர், அல்லது மின்சாரத்தைக் கடத்தும் பொருள். ஆங்கிலேயனுக்காகச் செய்த அகராதியில் இவை இரண்டு தனித் தலைச்சொற்களாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பால் குறி. அதற்கடுத்து வேற்றுமை உருபும் பன்மை ஈறும். ஏணிக்குப் பன்மையில் ஒரு 'என்' சேரும், தலைவருக்குப் பன்மையிலும் மாற்றம் கிடையாது என்பது அந்த ஒற்றை வரியிலேயே தெரிந்துவிடும். எந்தப் பொருள் எந்த இடத்துக்கு என்பதை விளக்கும் சிறு குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும்.

ஜெர்மானியனுக்காகச் செய்ததில் பால் குறி பெரும்பாலும் இருக்கும், பன்மை இருக்காது. அவனுக்கு எதற்குப் பன்மை? தாய்மொழிதானே! அதற்குப் பதிலாக ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பு அடைப்புக்குறிக்குள் விரிவாக இருக்கும். விளக்கக் குறிப்புகளும் சுருக்கக் குறிகளும் ஜெர்மனிலேயே இருக்கும். ஜெர்மன் தெரியாமல்தான் அகராதியைத் திறக்கிறோம். அங்கே வழிகாட்டிப் பலகையும் ஜெர்மனில் இருந்தால் எங்கே போவது?

பின்பாதியில் சேதம் இன்னும் அதிகம். ஆங்கிலத்தில் 'பேங்க்' என்று தேடுங்கள். ஆங்கிலேயனுக்கான அகராதி 'ஆற்றின்' என்று குறித்து 'ஊஃபர்' என்று ஒரு சொல்லையும், 'பணத்துக்கு' என்று குறித்து 'பாங்க்' என்று இன்னொரு சொல்லையும் தரும். ஜெர்மானியனுக்கான சின்ன அகராதிகள் பல, சொற்களை வெறுமே கமா போட்டு வரிசையாக அடுக்கிவிடும். எது கரை, எது வங்கி என்பது அவனுக்கே தெரியும். நம் மாணவி வரிசையில் முதலில் நிற்பதை எடுத்து எழுதுவாள். பாலாற்றங்கரையில் பணம் போட்ட கதை ஆகிவிடும். மாணவர் கட்டுரைகளில் நான் சிவப்பு மையால் வட்டமிடும் பிழைகளில் பெரும்பங்கு இப்படி வந்தவைதான். அவர்கள் உழைக்காததால் வந்த பிழை இல்லை. வேறொருவருக்காகச் செய்த கருவியை வைத்து வேலை செய்ததால் வந்தது.

அகராதி என்பது எப்போதுமே யாரோ ஒரு குறிப்பிட்ட வாசகருக்காகச் செய்யப்படுவதுதான். நம் கடற்கரையிலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. இதே கிழக்குக் கடற்கரையில் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1706-ல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர். அவருக்குப் பின் 1740-ல் வந்த யோஹான் பிலிப் பப்ரிசியுஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் சென்னையில் இருந்துகொண்டு ஒரு தமிழ் அகராதியை உருவாக்கினார். வேப்பேரியில் 1779-ல் அது அச்சானது. செய்தவர் ஜெர்மானியர், சொற்கள் தமிழ், பொருள் கொடுத்திருப்பதோ ஆங்கிலத்தில்! சென்னையில் அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் ஆங்கிலம் அறிந்தவர்கள் என்பதால் அவர் தம் தாய்மொழியை ஒதுக்கிவைத்தார். ஆங்கிலம்–தமிழ்ப் பகுதி 1786-ல் வந்தது. தரங்கம்பாடி மிஷன் அந்தத் தமிழ்–ஆங்கில அகராதியைத் திருத்தி விரித்துப் பிற்காலத்திலும் வெளியிட்டு வந்தது; இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். யார் கையில் போய்ச் சேரும் என்று தெரிந்து செய்த அகராதிக்கு அவ்வளவு ஆயுள்.

நாம் ஆங்கிலேயரும் இல்லை, ஜெர்மானியரும் இல்லை. ஆனாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் வாங்கியாக வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலேயனுக்காகச் செய்ததை வாங்குங்கள் என்பேன். ஜெர்மன் தெரியாத வெளியாள் என்ற முறையில் அவனும் நாமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். அதிலும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் செய்தது நல்லது. 'எலிவேட்டர்' என்று போட்டிருப்பதைவிட 'லிஃப்ட்' என்று போட்டிருந்தால் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். பள்ளியில் படித்த ஆங்கிலம் அதுதானே.

அடுத்து, பரிசோதனை. கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம். நான் எப்போதும் தேடிப் பார்க்கும் சொற்கள் நான்கு.

முதல் சொல், 'ஸே'. கடற்கரைக்காரர்களுக்குத் தேவையான சொல். ஆண்பாலில் வந்தால் ஏரி. பெண்பாலில் வந்தால் கடல். இரண்டையும் பிரித்துக் காட்டாமல் ஒரே தலைச்சொல்லுக்குக் கீழே பொருள்களைக் கலந்து கொடுத்திருந்தால் அந்த அகராதியைத் திருப்பி வைத்துவிடுவேன்.

இரண்டாவது, 'கெஹால்ட்'. 'டாஸ்' சேர்ந்தால் சம்பளம். 'டெர்' சேர்ந்தால் ஒரு பொருளுக்குள் இன்னொரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு. செவிலியருக்கு முதல் பொருள் வேலை ஒப்பந்தத்தில் வரும். இங்குள்ள பொறியாளர்களுக்கு இரண்டாவது பொருள் ஆய்வுக் கட்டுரையில் வரும். கல்பாக்கத்தின் சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அதைக் குளிர்விப்பது திரவ சோடியம். சோடியத்தில் ஆக்சிஜன் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது அந்தத் துறையில் அன்றாடக் கவலை. சின்ன அகராதிகளில் சம்பளம் மட்டும் இருந்து மற்றது விடுபட்டுப் போவதுண்டு.

மூன்றாவது, 'உம்ஃபாரன்'. முன்னொட்டில் அழுத்தம் விழுந்து அது பிரிந்து நின்றால், வண்டியால் மோதிச் சாய்ப்பது. வேரில் அழுத்தம் விழுந்து பிரியாமல் நின்றால், மோதாமல் சுற்றிக்கொண்டு போவது. எழுத்தில் இரண்டும் ஒன்று. பொருளில் நேர் எதிர். நல்ல அகராதி நடுவே ஒரு சிறு செங்குத்துக் கோடோ, அழுத்தக் குறியோ போட்டு இரண்டையும் பிரித்திருக்கும். ஜெர்மன் வினைகளில் இப்படிப் பிரிகிறவை ஏராளம். பிரிந்த முன்னொட்டு வாக்கியத்தின் கடைசியில் போய் நிற்கும். எது பிரியும், எது பிரியாது என்று காட்டாத அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம்கூடச் சரியாக எழுத முடியாது.

நான்காவது, 'கிங்'. 'போனான்' என்று பொருள். 'கேஹென்' என்ற வினையின் இறந்தகால வடிவம். ஆரம்ப நிலை மாணவர் பத்திரிகையில் 'கிங்' என்று பார்த்தால் 'கேஹென்' என்ற இடத்தில் தேட வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நல்ல சின்ன அகராதி அகர வரிசையில் 'கிங்' வரும் இடத்திலேயே 'கேஹென் பார்க்க' என்று கை காட்டும். கடைசிப் பக்கங்களில் ஒழுங்கற்ற வினைகளின் பட்டியலும் வைத்திருக்கும். இந்த நான்கும் சரியாக இருந்தால் மற்றப் பக்கங்களும் சரியாகத்தான் இருக்கும். இதுவரை இந்தச் சோதனை என்னைக் கைவிட்டதில்லை.

இதற்குமேல் ஒவ்வொருவரும் தம் தொழில் சொல் ஒன்றிரண்டைத் தேடிப் பார்க்க வேண்டும். செவிலியர்களிடம் 'ஃபெர்பாண்ட்' என்ற சொல்லைத் தேடச் சொல்வேன். காயத்துக்குப் போடும் கட்டும் அதுதான், சங்கமும் அதுதான். கட்டு இல்லாமல் சங்கம் மட்டும் இருந்தால் அந்த அகராதி மருத்துவமனைக்கு ஆகாது. 'ரெட்ஸெப்ட்' என்ற சொல்லில் மருந்துச் சீட்டு, சமையல் குறிப்பு இரண்டும் இருக்க வேண்டும். கூடவே, ஆங்கிலம் போலத் தோன்றி ஏமாற்றும் சொற்களை எச்சரிக்கையோடு தந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வேன். 'கிஃப்ட்' என்றால் ஜெர்மனில் நஞ்சு. 'பெகோமன்' என்றால் பெறுவது. ஆங்கிலத்தில் 'ஆவது' என்று பொருள்படும் சொல்லோடு போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் வகுப்புக்கு வகுப்பு உண்டு. ஆங்கிலம் வழியாக ஜெர்மனுக்குப் போகிற நமக்கு இந்த இடங்களில் கால் வழுக்கும்.

அகராதி எந்த ஆண்டுப் பதிப்பு என்பதை அறியவும் செவிலியர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது. 'க்ரங்கன்ஷ்வெஸ்டர்' என்பது பழைய பெயர். பேச்சில் இன்றும் புழங்குகிறது. 2020 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி தொழிலின் பெயர் 'ப்ஃப்ளேகஃபாக்ஃப்ராவ்'. ஆண் என்றால் கடைசிப் பகுதி 'மான்' என்று முடியும். விண்ணப்பம், சான்றிதழ் அங்கீகாரம், ஒப்பந்தம் எல்லாவற்றிலும் இந்தப் பெயர்தான் வரும். அதற்கு முன் அச்சான அகராதியில் இது இருக்க வாய்ப்பில்லை. வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். முன் அட்டையின் உட்புறத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள் என்பேன்.

பொறியாளர்களும் பட்டறைக்காரர்களும் வேறு மாதிரி. "மிஸ், இதுல எங்க சொல் ஒண்ணுமே இல்லையே" என்பார்கள். இருக்காது. சோடியம் குளிர்விப்புச் சுற்று என்பதை ஜெர்மானியர் ஒரே மூச்சில் 'நாட்ரியும்க்யூல்க்ரைஸ்லாவ்ஃப்' என்று எழுதுவார்கள். அத்தனை நீளச் சொல் சட்டைப்பை அகராதியில் ஏறாது, ஏறவும் தேவையில்லை. வலது பக்கத்திலிருந்து உரித்துக்கொண்டு வர வேண்டும். கடைசியில் நிற்பது 'க்ரைஸ்லாவ்ஃப்', அதாவது சுற்று. அதுதான் தலைமைச் சொல்; முழுச்சொல்லுக்கும் பால் அதிலிருந்துதான் வரும். அதற்கு முன் 'க்யூல்', குளிர்விப்பு. அதற்கும் முன் 'நாட்ரியும்', சோடியம். நம் மொழியிலும் 'தண்ணீர்த் தொட்டி' என்பது தொட்டிதானே; தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த முறை ஒரே நாளில் பிடிபட்டுவிடும். நடுவில் ஒட்டுக்காக ஓர் 'எஸ்' வந்து நிற்கலாம். அதைத் தள்ளிவிட்டுத் தேட வேண்டும்.

எனவே தொழில்நுட்பக்காரர்கள் அகராதியில் நீளச் சொற்களைத் தேடிச் சோர்ந்துபோக வேண்டாம். உதிரிப் பாகங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். வெப்பம், அழுத்தம், குழாய், அடுக்கு, ஓட்டம், உருக்கு, அடைப்பான் என்று இருபது வேர்ச்சொற்களை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 'ஷிஷ்ட்' என்ற சொல்லையும் பட்டியலில் சேருங்கள். அடுக்கு, பூச்சு, பணிமுறை மூன்றுக்கும் அதே சொல்தான். ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஊரில் அது இல்லாமல் முடியாது. தனிமங்களின் பெயருக்குப் பயப்பட வேண்டியதில்லை. சோடியத்துக்கு என்.ஏ. என்றும் பொட்டாசியத்துக்குக் கே என்றும் டங்ஸ்டனுக்கு டபிள்யூ என்றும் பள்ளியில் குறியீடு படித்தோம் அல்லவா? ஜெர்மனில் அவை நாட்ரியும், காலியும், வோல்ஃப்ராம். குறியீடு தெரிந்தவருக்கு அகராதியே வேண்டாம்.

மாமல்லபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ஸ்தபதியின் அகராதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அளவுதான். கல் தூசு படிந்து விளிம்பெல்லாம் வெளுத்திருக்கும். அவர் தம் கைப்பட ஓரங்களில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்: மாக்கல், கருங்கல், உளி, மெருகு, பீடம், அனுப்பும் கூலி. ஒரு நாள் ஜெர்மானிய வாடிக்கையாளர் ஒருவர் தோட்டத்தில் வைக்க ஒரு பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்டார். அதில் 'ஃப்ரோஸ்ட்ஸிஷர்' என்ற சொல் வந்தது. ஸ்தபதி அதை அவரையே எழுதித் தரச் சொல்லி வாங்கினார். அகராதியில் அந்தச் சொல் இல்லை. அவர் கலங்கவில்லை. பின்பக்கத்திலிருந்து பிரித்து 'ஸிஷர்' தேடினார்: பாதுகாப்பானது. 'ஃப்ரோஸ்ட்' தேடினார்: உறைபனி. "டீச்சரம்மா, பனி கொட்டினா கல்லு வெடிக்குமான்னு கேக்குறாரு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மாக்கல் சிலையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கருங்கல் சிலையின் முதுகில் தட்டிக் காட்டினார். வியாபாரம் முடிந்தது. எத்தனை ஆயிரம் சொல் இருக்கிறது என்று அட்டையில் போட்டிருந்ததோ எனக்கு நினைவில்லை. அவருக்குத் தேவையான இரண்டு பாதிகளும் அதில் இருந்தன. பிரித்துத் தேடும் பழக்கம் அவரிடம் இருந்தது.

ஓரத்தில் தமிழில் எழுதும் பழக்கத்தை எல்லா மாணவர்களுக்கும் நான் கட்டாயமாக்கியிருக்கிறேன். ஆங்கிலத்தை நடுவில் வைத்துப் போனால் பல இடங்களில் சுற்றுவழி. 'டூ', 'ஸீ' என்ற இரண்டு சொற்களுக்கும் ஆங்கில அகராதி ஒரே சொல்லைத்தான் பொருளாகத் தரும். வேறுபாட்டைக் காட்ட அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். பக்கத்தில் நீ, நீங்கள் என்று எழுதிவிட்டால் தமிழ் மாணவருக்கு மறக்கவே மறக்காது. யாரை 'டூ' போட்டு அழைப்பது, யாரை 'ஸீ' போட்டு அழைப்பது என்ற கூச்சமும் மரியாதையும் நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். மறுபக்கம், 'ஓங்க்கெல்' என்ற ஒரு சொல்லுக்குள் நம் சித்தப்பாவும் பெரியப்பாவும் மாமாவும் அடங்கிவிடுவார்கள். அங்கே தமிழில் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். இப்படி எழுத இடம் வேண்டும் என்பதற்காகவே, ஓரம் கொஞ்சமாவது விட்டு அச்சடித்த அகராதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

பழைய புத்தகம் வாங்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். நியாயமான கேள்வி, புதியது விலை கூடுதல். 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் கெதே நிறுவனத்தின் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. ஆகவே சென்னையில் ஜெர்மன் படித்த தலைமுறைகள் உண்டு. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பழைய புத்தகக் கடைகளில் நல்ல அகராதிகள் கண்ணில் படும். வாங்குமுன் ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும். ஜெர்மன் எழுத்து முறை 1996-ல் சீர்திருத்தப்பட்டது. 1998 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. சண்டை சச்சரவுகளுக்குப் பிறகு 2006-ல் மறுபடியும் திருத்தி முடித்தார்கள். பார்க்க எளிய இடம் 'டாஸ்' என்ற இணைப்புச் சொல். 'என்று' என்ற பொருளில் வருவது. அது 'எஸ்ஸெட்' என்ற தனி எழுத்தில் முடிந்தால் பழைய முறை. இரண்டு 'எஸ்' போட்டு முடிந்தால் புதிய முறை. குறிலுக்குப் பின்னால் வந்த எஸ்ஸெட் எல்லாம் இரட்டை எஸ் ஆகிவிட்டது என்ற ஒரே விதியைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான மாற்றங்கள் அடங்கிவிடும். பாலும் பன்மையும் மாறவில்லை. வாசிப்பதற்குப் பழைய பதிப்பு தாராளமாகப் போதும். தேர்வெழுதப் போகிறவர்கள் மட்டும் புதிய முறைப் பதிப்பையே வாங்க வேண்டும்.

இன்னும் பழையதாக, கூர்கூராக நிற்கும் 'ஃப்ராக்டூர்' எழுத்தில் அச்சான அகராதிகளும் கிடைக்கும். அதில் 'எஃப்' எது, நீண்ட 'எஸ்' எது என்று பிரித்தறிவதற்குள் கண் வலித்துவிடும். தரங்கம்பாடிப் பாதிரியார்களின் கடிதங்களையும் அவர்களைப் பற்றி ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான அறிக்கைகளையும் மூலத்தில் படிக்க நினைக்கும் ஆய்வாளருக்கு அது நல்ல பயிற்சி. மற்றவர்களுக்கு வேண்டாம்.

கடற்கரையில் வாழ்பவர்கள் கட்டுமானத்தையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்றும் ஈரமும் பசையை இளக்கிவிடும். வெறும் பசையால் ஒட்டிய புத்தகம் இரண்டு மழைக்காலம் கடந்தால் தாள் தாளாகக் கழன்று வரும். நடுப்பக்கத்தைத் திறந்து முதுகைப் பாருங்கள்; நூல் தையல் தெரிந்தால் நல்லது. மேசைமேல் திறந்து வைத்துக் கையை எடுத்தால் மூடிக்கொள்ளாமல் கிடக்க வேண்டும். ஒரு கையில் பேனா பிடித்து எழுதுபவருக்கு இது முக்கியம். வளையும் பிளாஸ்டிக் உறை போட்ட அகராதி வியர்வைக்கும் தூறலுக்கும் தாங்கும். தாள் மெல்லியதாக இருக்கலாம், மறுபக்க அச்சு தெரியக் கூடாது. ஐந்து ரதத்தின் வெயிலிலும் இரவு பஸ்ஸின் மங்கல் விளக்கிலும் படிக்க முடிகிற எழுத்தாக இருக்க வேண்டும். வீட்டில் வைக்கும்போது இடையிடையே வேப்பிலை போட்டு வையுங்கள். ராமபாணப் பூச்சி அண்டாது.

கைப்பேசி இருக்கும்போது அகராதி எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். கைப்பேசியை நானும் பயன்படுத்துகிறேன். வியன்னாவிலிருந்து வரும் டிக்ட் டாட் சிசி, மியூனிக்கில் தொடங்கிய லியோ இரண்டும் அருமையான அகராதிகள். முன்னதை இணையம் இல்லாமலும் பயன்படுத்தலாம். தொழில்நுட்பக் கூட்டுச்சொற்களுக்கு எந்தச் சட்டைப்பை அகராதியும் அவற்றுக்கு ஈடாகாது. உச்சரிப்பைக் காதால் கேட்க முடிவது பெரிய வரம். ஆனால் அவற்றில் ஒரு சொல்லைத் தேடினால் இருபது விடை வந்து கொட்டும். எது நமக்கு என்று தேர்ந்தெடுக்கும் அறிவு ஆரம்ப நிலையில் இருக்காது. அச்சு அகராதியின் ஆசிரியர் நமக்காக முதலிலேயே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார். தேடிய சொல்லுக்கு மேலும் கீழும் அதே குடும்பத்துச் சொற்கள் நிற்பதும் கண்ணில் படும். கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் ஆலைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் கையேட்டு வேலையாகப் போகும்போது எனக்குத் துணை அச்சு அகராதிதான். இரண்டும் வேண்டும், முதல் வருடம் அச்சு அகராதி முன்னால் இருக்கட்டும்.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கெதே நிறுவனத்தின் ஏ1 என்ற தொடக்க நிலை முதல் பி2 என்ற மேல் இடைநிலை வரையான தேர்வுகளில் அகராதிக்கும் அனுமதி இல்லை, கைப்பேசிக்கும் அனுமதி இல்லை. செவிலியர் அங்கீகாரத்துக்குப் பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். அகராதியைத் திறக்காமலே எழுதும் நிலைக்கு அகராதியே நம்மைக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் தேடிய பிறகு பாலையும் பன்மையையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லி மூடுங்கள். பால் குறி இல்லாமல் மனத்தில் ஏறிய சொல்லைப் பிறகு திருத்துவது புதிதாகப் படிப்பதைவிடக் கஷ்டம்.

பெயர் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்காக: பி1 வரை படிக்கும் மாணவர்களுக்கு காலின்ஸ் ஜெம் அல்லது ஆக்ஸ்ஃபோர்டின் சிறிய ஜெர்மன் அகராதி. பிரிட்டனில் செய்தவை, உள்ளங்கைக்குள் அடங்குபவை. லாங்கன்ஷைட் 1856-ல் பெர்லினில் தொடங்கிய நிறுவனம். மஞ்சள் அட்டையும் நீல எழுத்தும் ஜெர்மன் படித்த எவருக்கும் தெரியும். 2019-ல் அது போன்ஸ் என்ற இன்னொரு அகராதிப் பதிப்பகத்தின் கைக்குப் போனது. இந்த இரண்டு பெயர்களிலும் தரமான அகராதிகள் வருகின்றன. ஒரே பெயரில், ஒரே மஞ்சளில், ஜெர்மானியருக்கான பதிப்பும் ஆங்கிலம் பேசுவோருக்கான பதிப்பும் தனித்தனியாக வருவதால் உள்ளே பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பி1 தாண்டியவர்கள் சட்டைப்பையை மறந்துவிட்டுக் கைப்பைக்குள் போகும் அடுத்த அளவுக்கு மாறலாம்.

கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் அவசரப்படாதீர்கள். 'ஸே', 'கெஹால்ட்', 'உம்ஃபாரன்', 'கிங்' என்ற நான்கையும், உங்கள் தொழில் சொல் ஒன்றையும் தேடுங்கள். பாலும் பன்மையும் இருக்கிறதா, விளக்கக் குறிப்பு உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உங்களுக்காக அச்சடித்தது. விலை கொஞ்சம் கூடினாலும் அதையே வாங்குங்கள். இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.